எஸ். கரிவர்தன்

எஸ். கரிவர்தன் (சுந்தரம் கரிவர்தன், ஏப்ரல் 20, 1954 – ஆகஸ்ட் 24, 1995) தமிழ்நாட்டின் கோயம்புத்தூரைச் சேர்ந்த தானுந்துப் பந்தய ஓட்டுநரும், பந்தயத் தானுந்து வடிவமைப்பாளரும் ஆவார். பந்தய வட்டாரங்களில் கரி என்ற சுருக்கப் பெயரால் அறியப்பட்டவர். இவரது பெயர் கரிவரதன் என்றும் எழுதப்படுவதுண்டு. மாருதி 800 சீருந்தின் எஞ்சினைக் கொண்டு இவர் வடிவமைத்த ஓரிருக்கைப் பந்தயத் தானுந்து ஃபார்முலா மாருதி என்னும் போட்டிப் பிரிவுக்கு அடிப்படையாக அமைந்தது. பார்முலா 1 பந்தயங்களில் பங்கேற்ற இந்தியர்களான நரேன் கார்த்திகேயன், கருண் சந்தோக் ஆகிய இருவரும் தம் தொடக்கக் காலத்தில் இப்பிரிவில் ஓட்டியவர்களே. கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்திலுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடம் இவரது நினைவாகப் பெயர் பெற்றது.

பின்புலம்

கரிவர்தன் கோயம்புத்தூரின் நூற்பாலைத் தொழிற்குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை ஜி. கே. சுந்தரம். பாட்டனார் ஜி. குப்புசாமி நாயுடு 1910ஆம் ஆண்டு இலட்சுமி ஆலையை நிறுவியவர். இதே குடும்பத்தைச் சேர்ந்த ஜி. கே. தேவராசுலு 1962இல் தொடங்கிய இலட்சுமி மெசின் வொர்க்சு நிறுவனம் நூற்பு இயந்திரங்களை உள்நாட்டிலேயே செய்யத் தொடங்கியது. இயந்திரத்தை வாங்கி ஓட்டுவது ஒரு தொழில், இயந்திரத்தையே செய்வது வேறொரு தொழில். இவ்விரண்டும் ஒரே குடும்பத்துக்குள் நடந்த சூழலில் கரிவர்தன் வளர்ந்தார் என்பது அவரது பிற்காலப் பணியைப் புரிந்துகொள்ள உதவும்.

கோயம்புத்தூர் முதல் சேலம், நாமக்கல் வரையுள்ள கொங்குப் பகுதியின் பட்டறைகளையும் இங்கே குறிப்பிட வேண்டும். கோவையில் வார்ப்படச் சாலைகளும், நீரேற்று எக்கிகளும் மின்னோடிகளும் செய்யும் தொழிற்கூடங்களும் மிகுதி. நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் சரக்குந்துகளுக்குக் கூண்டு கட்டும் பட்டறைகள் பெருகின. சங்ககிரி சரக்குந்து உரிமையாளர்களின் ஊராகவே அறியப்பட்டது. தொழிற்சாலையிலிருந்து வெறும் அடிச்சட்டகமாக வரும் வண்டிக்கு மரமும் இரும்புத் தகடும் கோணச் சட்டங்களும் கொண்டு மேற்கட்டு அமைத்து, பற்றவைத்து, சாலைக்கு அனுப்பும் கைத்திறன் இப்பகுதியில் பரவலானது. பந்தயத் தானுந்து செய்வது இதனினும் நுட்பமானது. ஆயினும் குழாய்களை அளந்து வெட்டி வளைத்துப் பற்றவைக்கும் கைகளைத் தேடிக் கோவை மண்டலத்தில் ஒருவர் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. இந்தியாவின் ஓரிருக்கைப் பந்தயத் தானுந்துகளின் பிறப்பிடமாக ஒரு பெருநகரம் அமையாமல் கோவை அமைந்ததற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

சோழவரம்

சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் 1953இல் தொடங்கப்பட்டது. இந்தியாவில் அப்போது பந்தயத்துக்கென்றே அமைக்கப்பட்ட தடம் ஏதும் இல்லை. எனவே இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போடப்பட்டுப் பின் கைவிடப்பட்ட வானூர்தி ஓடுதளங்களே பந்தயக் களங்களாயின. சென்னைக்கு வடக்கே செங்குன்றத்தை அடுத்த சோழவரத்தில் 1950களில் தொடங்கிய பந்தயங்கள் 1980களின் இறுதி வரை நடைபெற்றன. கல்கத்தாவை ஒட்டிய பாரக்பூரிலும் இவ்வாறே ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்தன.

கோவையிலிருந்து சோழவரத்துக்குச் செல்லும் வழி அவிநாசி, பெருந்துறை, பவானி, குமாரபாளையம், சங்ககிரி, சேலம் ஆகிய ஊர்கள் வழியாகச் செல்கிறது. தொலைவு 500 கிலோமீட்டருக்கும் மேல். பந்தய வண்டியில் ஒரு பாகம் உடைந்துபோனால் ஊருக்குத் திரும்பிச் சென்று செய்து வருவதற்கு ஓர் இரவும் பகலும் போதா. ஆகவே உதிரிப் பாகங்களை முன்கூட்டியே செய்து எடுத்துச் செல்வதும், களத்திலேயே பழுது பார்ப்பதும் கோவை ஓட்டுநர்களுக்கு இன்றியமையாதவை ஆயின.

சோழவரத்தில் ஓடிய வண்டிகள் ஒன்றுக்கொன்று பெரிதும் மாறுபட்டவை. ஃபியட், அம்பாசிடர், ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற சாலைச் சீருந்துகளை மாற்றியமைத்து ஓட்டியோர் ஒருபுறம். வெளிநாட்டிலிருந்து பெருஞ்செலவில் பந்தய வண்டிகளைத் தருவித்தோர் மறுபுறம். 1980களில் விஜய் மல்லையா என்சைன் நிறுவனத்தின் பழைய பார்முலா 1 வண்டி ஒன்றை இங்கு ஓட்டினார். பார்வையாளர்களுக்கு அது பெருவிருந்து. ஆனால் அத்தகைய பந்தயத்தில் வென்றவர் திறனால் வென்றாரா, பொறியின் வலிமையால் வென்றாரா என்று அறிய வழியில்லை. இக்களத்தில் ஓட்டுநராகப் போட்டியிட்ட கரிவர்தனுக்கு இக்குறை நேரடியாகத் தெரிந்திருந்தது.

இறக்குமதிக் கட்டுப்பாடுகள் கடுமையாக இருந்த காலம் அது. உரிமம் இன்றி வெளிநாட்டு வண்டியையோ பாகங்களையோ கொண்டுவர முடியாது. கொண்டுவந்தாலும் சுங்கத் தீர்வை வண்டியின் விலையையே விஞ்சும். உள்நாட்டில் கிடைக்கும் பாகங்களைக் கொண்டு செய்வதே நடைமுறைக்கு ஏற்ற வழியாக இருந்தது.

ஐரோப்பாவில் ஓரிருக்கைப் பந்தயங்கள்

ஓரிருக்கைத் தானுந்து என்பது ஓட்டுநர் ஒருவர் மட்டுமே அமரக்கூடிய, சக்கரங்கள் மூடப்படாத, பந்தயத்துக்கென்றே செய்யப்பட்ட வண்டி. பார்முலா 1 இவ்வகையின் உச்சம். அவ்வுச்சிக்கு நேராகச் சென்றவர் எவரும் இலர் என்றே கூறலாம். ஐரோப்பாவில் நாட்டளவிலும் வட்டார அளவிலும் நடக்கும் சிறிய போட்டித் தொடர்களில் ஓரிரு பருவங்கள் ஓட்டி, வென்று, படிப்படியாக ஏறுவதே வழக்கம்.

இச்சிறிய தொடர்கள் பலவும் எளிய தொடக்கம் கொண்டவை. 1946இல் இங்கிலாந்தின் சர்பிட்டன் நகரில் சார்லசு கூப்பர், அவர் மகன் ஜான் கூப்பர் ஆகியோர் தம் பட்டறையில் இரண்டு ஃபியட் டோப்போலினோ சீருந்துகளின் முன்பகுதிகளை ஒன்றோடொன்று இணைத்து, ஓட்டுநருக்குப் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் பொறியைப் பொருத்தினர். சங்கிலியால் பின்சக்கரங்களை இயக்குவதற்கு அது எளிதாக இருந்தது. எஞ்சினைப் பின்னால் வைக்கும் அமைப்பே பின்னர் பார்முலா 1 வரை சென்றது. 1959இல் ஜாக் பிராபம் கூப்பர் வண்டியில் உலக வாகையர் ஆனார்.

1958இல் இத்தாலியில் கோமகன் ஜியோவானி லுரானியின் முயற்சியால் ஃபார்முலா ஜூனியர் பிரிவு தோன்றியது. எஞ்சின் உள்ளிட்ட முதன்மைப் பாகங்கள் சாலைச் சீருந்துகளிலிருந்தே எடுக்கப்பட வேண்டும் என்பது அதன் விதி. இத்தாலியர் பலர் ஃபியட் 1100 எஞ்சினைப் பயன்படுத்தினர். பம்பாயில் பிரீமியர் நிறுவனம் செய்து, பின்னாளில் பத்மினி என்ற பெயரில் இந்தியச் சாலைகளெங்கும் ஓடிய சீருந்தும் அதே எஞ்சின் வகையைக் கொண்டதே. ஆக, எஞ்சின் இந்தியாவிலும் இருந்தது. அதைச் சுற்றி ஒரு போட்டிப் பிரிவை உருவாக்குவோர்தான் இல்லை.

1967ஆம் ஆண்டு சூலை 2 அன்று பிராண்ட்சு ஹாட்சு தடத்தில் முதல் ஃபார்முலா ஃபோர்டு பந்தயம் நடைபெற்றது. ஃபோர்டு கோர்ட்டினாவின் 1500 கன செ.மீ. எஞ்சின், காற்றழுத்த இறக்கைகளுக்குத் தடை, தொடக்கத்தில் வண்டியின் விலைக்கு 1000 பவுண்டு வரம்பு என்ற எளிய கட்டமைப்பு அது. அனைவரிடமும் ஒத்த பொறி இருப்பதால் வெற்றி தோல்வி ஓட்டுநரின் கையில் இருந்தது. அயர்டன் சென்னா 1981இல் பிரிட்டனுக்கு வந்து முதலில் வென்றது இப்பிரிவில்தான்.

இந்தியாவில் இத்தகைய முதற்படி இல்லை. ஐரோப்பியத் தொடர் ஒன்றில் ஓட்ட விரும்பும் இந்திய இளைஞர், வாழ்நாளில் ஒருமுறைகூட ஓரிருக்கை வண்டியில் அமராமலேயே அங்கு சென்று, பத்து வயதிலிருந்து கார்ட் வண்டி ஓட்டிப் பழகியவர்களோடு மோத வேண்டியிருந்தது.

ஃபார்முலா மாருதி

1983 திசம்பரில் மாருதி 800 விற்பனைக்கு வந்தது. இந்தியக் குடும்பங்களின் வாழ்வை மாற்றிய வண்டி என்று இதைப் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். பந்தய வண்டி செய்வோருக்கு அது எவ்வாறு பயன்பட்டது என்பதே இங்கு நோக்கத்தக்கது.

அம்பாசிடர், பத்மினி ஆகியவற்றில் எஞ்சினும் கியர் பெட்டியும் முன்புறம் இருக்கும். அங்கிருந்து வண்டியின் அடியில் ஒரு நீண்ட தண்டு பின்னச்சுக்குச் சென்று, பின்சக்கரங்களைச் சுழற்றும். இந்த அமைப்பை அப்படியே எடுத்து ஓட்டுநருக்குப் பின்னால் வைக்க இயலாது. தண்டுக்கு இடமில்லை. பின்னச்சோடு இணைந்த தனிவகைக் கியர் பெட்டி தேவைப்படும். அதை வெளிநாட்டிலிருந்துதான் வாங்க வேண்டும்.

மாருதி 800 முன்சக்கர இயக்கம் கொண்டது. மூன்று உருளைகளைக் கொண்ட 796 கன செ.மீ. எஞ்சின் வண்டியின் குறுக்காக அமர்ந்திருக்கும். நான்கு வேகக் கியர் பெட்டியும், இரு சக்கரங்களுக்கும் விசையைப் பகிரும் பற்சக்கரத் தொகுதியும் எஞ்சினோடு ஒட்டிய ஒரே கூட்டில் அடங்கும். முன்புறமுள்ள இந்த முழுத் தொகுதியையும் கழற்றி, ஓட்டுநருக்குப் பின்னால் வைத்தால், முன்சக்கரங்களை ஓட்டிய அதே தண்டுகள் பின்சக்கரங்களை ஓட்டும். இறக்குமதிப் பாகம் வேண்டியதில்லை. நாடெங்கும் எந்த ஊரிலும் கிடைக்கும் உதிரிப் பாகங்களே போதும். 1946இல் கூப்பர்கள் ஃபியட்டின் முன்பகுதியைப் பின்னால் கொண்டுபோய் வைத்ததை அறிந்தோர்க்கு இதன் ஒற்றுமை எளிதில் விளங்கும்.

கரிவர்தன் 1980களின் பிற்பகுதியில் இவ்வடிப்படையில் ஓரிருக்கை வண்டியை வடிவமைத்தார். எஃகுக் குழாய்களைப் பற்றவைத்து அமைத்த கூட்டுச் சட்டகம், அதன்மேல் மெல்லிய மேலுறை, பின்னால் மாருதியின் எஞ்சின் தொகுதி என்பது இதன் அமைப்பு. ஃபார்முலா இந்தியா சிங்கிள் சீட்டர் மாருதி எஞ்சின் என்பதன் முதலெழுத்துகளைச் சேர்த்து ஃபிஸ்மி என்று இது பெயர் பெற்றது. பேச்சு வழக்கில் ஃபார்முலா மாருதி என்பதே நிலைத்தது.

சாலை வண்டியில் இந்த எஞ்சின் ஏறத்தாழ 40 குதிரைத்திறன் மட்டுமே தரும். ஐரோப்பியரின் கண்ணுக்கு இது நகைப்பூட்டும் அளவு. ஆனால் கூரை, கதவு, கண்ணாடி, பின்னிருக்கை ஏதுமற்ற வண்டியின் எடை சாலைச் சீருந்தின் எடையைவிட வெகுவாகக் குறைவு. ஓட்டுநர் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கால் நீட்டிச் சாய்ந்து அமர்கிறார். இருக்கைக்கும் சாலைக்கும் இடையே இடைவெளி குறைவாக இருப்பதால் சிறிய வேகமும் பெரிதாகத் தோன்றும். விசை குறைந்த வண்டிக்கு வேறொரு பயனும் உண்டு. வளைவில் வேகத்தை இழந்தால் மீண்டும் பெறுவதற்கு நெடுநேரமாகும். ஆதலால் பிரேக்கை எப்போது விடுவது, வளைவின் எந்தப் புள்ளியில் திருப்புவது என்பவற்றை ஓட்டுநர் பிழையின்றிக் கற்றாக வேண்டும். மிகுந்த விசை கொண்ட வண்டி இப்பிழைகளை மறைத்துவிடும்.

எல்லோருக்கும் ஒரே எஞ்சின், ஒரே கியர் பெட்டி என்ற நிலை உருவானபின் இந்தியப் பந்தயங்களில் ஓட்டுநரை ஓட்டுநரோடு ஒப்பிட முடிந்தது. கரிவர்தன் தாமும் ஓர் ஓட்டுநர். தமக்கு மட்டும் விரைவான வண்டி ஒன்றைச் செய்துகொண்டு கோப்பைகளை வெல்ல அவருக்கு வசதியும் திறனும் இருந்தன. அதே வண்டியைப் பிறரும் ஓட்டும்படி பல எண்ணிக்கையில் செய்ய முனைந்ததே அவரது வாழ்வின் முதன்மையான செயல் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

இவ்வண்டி எல்லோருக்கும் எட்டியது என்று கூறிவிட முடியாது. இறக்குமதி வண்டியோடு ஒப்பிடத்தான் அது மலிவு. டயர், எரிபொருள், பயணம், பழுது என்று ஒரு பருவத்துக்கு ஆகும் செலவைத் தாங்கக்கூடியோர் பெரும்பாலும் தொழிற்குடும்பங்களைச் சேர்ந்தோரே. பின்னாளில் பார்முலா 1 வரை சென்ற இருவரும் பந்தயக் குடும்பங்களில் பிறந்தவர்கள் என்பது தற்செயலன்று. நரேனின் தந்தை ஜி. ஆர். கார்த்திகேயன் தென்னிந்தியத் தானுந்துத் திரளணிப் போட்டியில் பலமுறை வென்றவர். கருணின் பாட்டனார் இந்து சந்தோக் சென்னைக் கழகத்தின் நிறுவனர்களுள் ஒருவர்.

இருங்காட்டுக்கோட்டையும் 1994ஆம் ஆண்டுப் பருவமும்

சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் அமைத்த தடம் 1990இல் பயன்பாட்டுக்கு வந்தது. 3.7 கிலோமீட்டர் நீளமுடைய இத்தடத்தில் ஓடுதளங்களில் இல்லாத பலவகை வளைவுகள் இருந்தன. சிறிய ஓரிருக்கை வண்டியும், அதற்குப் பொருத்தமான தடமும் ஒரே காலத்தில் அமைந்தது இந்தியப் பந்தயத்தின் நற்பேறு.

1977இல் பிறந்த நரேன் கார்த்திகேயன் இத்தடத்தில் ஃபார்முலா மாருதி வண்டியில் தம் முதல் பந்தயத்திலேயே முதல் மூவருள் ஒருவராக வந்தார். பின்னர் பிரான்சிலுள்ள எல்ஃப் வின்ஃபீல்டு பந்தயப் பள்ளியில் பயின்று, 1992இல் அங்கு நடந்த ஃபார்முலா ரெனோ தேர்வுப் போட்டியில் அரையிறுதி வரை முன்னேறினார். 1993இல் மீண்டும் ஃபார்முலா மாருதியில் ஓட்டினார். அவ்வாண்டிலேயே பிரிட்டனின் ஃபார்முலா வாக்சால் ஜூனியர் தொடரிலும் பங்கேற்றார்.

1994ஆம் ஆண்டுப் பருவத்தில் பிரிட்டனின் ஃபார்முலா ஃபோர்டு தொடரில் ஓர் அணியின் இரண்டாம் ஓட்டுநராக இடம்பெற்றார். பழைய 1600 கன செ.மீ. எஞ்சினுக்கு மாற்றாக அப்போது ஃபோர்டின் சீடெக் எஞ்சின் புழக்கத்துக்கு வந்திருந்தது. அப்பருவத்தில் போர்த்துகல் கிராண்ட் பிரீயின் துணைப் பந்தயமாக எஸ்டோரில் தடத்தில் நடந்த போட்டியில் முதல் மூவருக்குள் வந்தார். ஆண்டிறுதியில் நடந்த பிரிட்டிசு ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரில் வாகை சூடினார். ஐரோப்பாவில் தானுந்துப் பந்தயத் தொடர் ஒன்றை வென்ற முதல் இந்தியர் அவரே. குளிர்காலத் தொடர் என்பது முதன்மைப் பருவம் முடிந்தபின் நடக்கும் குறுந்தொடர். அதனால் இவ்வெற்றியை மிகைப்படுத்தக் கூடாது. எனினும் சில ஆண்டுகளுக்கு முன்வரை ஓரிருக்கை வண்டியே அரிதாக இருந்த நாட்டிலிருந்து சென்ற பதினேழு வயது இளைஞர், ஈரமும் குளிரும் மிகுந்த பிரிட்டிசுத் தடங்களில் உள்ளூரார்க்கு ஈடுகொடுத்து வென்றது சிறிய செய்தியும் அன்று.

மறைவு

கரிவர்தன் 1995 ஆகஸ்ட் 24 அன்று வானூர்தி விபத்தில் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 41. நரேனின் ஐரோப்பிய வெற்றி அவர் வாழ்நாளில் நிகழ்ந்தது. 1996இல் நரேன் ஃபார்முலா ஆசியா தொடரை வென்றதையோ, 2005 மார்ச்சில் மெல்பேர்னில் ஜோர்டான் அணிக்காகப் பார்முலா 1 களத்தில் இறங்கியதையோ அவர் காணவில்லை. அதே 2005இல் அமெரிக்க கிராண்ட் பிரீயில், டயர்ச் சிக்கலால் பெரும்பாலான அணிகள் விலகிக்கொள்ள ஆறு வண்டிகள் மட்டுமே ஓடிய நிலையில், நரேன் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். கருண் சந்தோக் 2000இல் தேசியப் போட்டிகளில் ஃபார்முலா மாருதி ஓட்டி, 2001இல் ஃபார்முலா ஆசியா தொடரை வென்று, 2010இல் இசுப்பானியா அணியில் பார்முலா 1 ஓட்டுநரானார்.

கரி மோட்டார் ஸ்பீட்வே

கோவைப் பகுதி ஓட்டுநர்களுக்கு நெடுங்காலம் தம் ஊரில் தடம் இல்லை. சோழவரமாயினும் இருங்காட்டுக்கோட்டையாயினும் சேலம் கடந்து சென்னை வரை வண்டியை ஏற்றிச் செல்ல வேண்டியிருந்தது. கரிவர்தன் மறைந்து எட்டு ஆண்டுகள் கழித்து, 2003இல், செட்டிபாளையத்தில் ஏறத்தாழ 2.1 கிலோமீட்டர் நீளமுள்ள பந்தயத் தடம் திறக்கப்பட்டு, அவர் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. சிறிய ஓரிருக்கை வண்டிகளுக்கு ஏற்ற குறுகிய தடம் இது. தேசிய ஓரிருக்கைப் போட்டிகள் இங்கு நடைபெற்றன. கோவையின் எல். ஜி. பாலகிருஷ்ணன் நிறுவனத்தின் பெயரால் வழங்கும் எல்ஜிபி ஃபார்முலா பிரிவு இத்தடத்தோடு நெருங்கிய தொடர்புடையது. அப்பிரிவின் வண்டிகளிலும், மாருதி சீருந்திலிருந்து எடுத்த எஞ்சின் தொகுதி ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் குறுக்காகப் பொருத்தப்பட்டது.